பந்தயம் கட்டி எதிராளியை நெருக்குவது எப்படி: டர்பன் தூனிக்காரர்களுக்கு ஒரு போக்கர் வழிகாட்டி

நம் டர்பன் சீட்டாட்டமான தூனி ஆடி வளர்ந்தவர்கள் போக்கர் மேசைக்கு வரும்போது ஒரு பலத்தையும் ஒரு பலவீனத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கராஜுக்குள் மேசை போட்டு ஆடுகிற எல்லாரிடமும் இதைப் பார்க்கலாம். முதலில் வந்த நான்கு சீட்டை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சம் இரண்டு சீட்டு கைக்கு வரும் முன்பே துணிந்து ஏலத்தை ஏற்றுகிற பழக்கம் நமக்கு உண்டு. அது பலம். பலவீனம் என்னவென்றால், தூனியில் நடுவில் கையைப் போட்டுவிட்டு ஒதுங்க வழியில்லை, ஆறு சீட்டும் இறங்கியே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தில் போக்கரிலும் "கடைசிச் சீட்டு வரைக்கும் பார்த்துடுவோமே" என்று கால் (எதிராளி கட்டிய அளவுக்கு நாமும் போடுவது) சொல்லிக்கொண்டே போகிறோம். பணம் கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்தக் கட்டுரை டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்துக்கானது. கையில் இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு (முதலில் மூன்று ஃபிளாப், பிறகு டர்ன், கடைசியாக ரிவர்), எது ஃபிளஷ், எது ஸ்ட்ரெய்ட் என்கிற அளவுக்குத் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன். அது தெரியாதவர்கள் முதலில் பணம் வைக்காமல் நாலைந்து நாள் ஆடிப் பழகிவிட்டு வாருங்கள்.

பெட் கட்டுகிறவருக்கு இரண்டு வழி

நீங்கள் செக் (ஒன்றும் கட்டாமல் முறையை விடுவது) சொன்னாலோ கால் சொன்னாலோ ஜெயிக்க ஒரே வழிதான் இருக்கிறது. கடைசியில் சீட்டைத் திருப்பும்போது உங்கள் கை பெரியதாக இருக்கவேண்டும். பெட் கட்டினாலோ, அடுத்தவர் பெட்டுக்கு மேல் ஏற்றி ரெய்ஸ் செய்தாலோ இன்னொரு வழியும் திறக்கிறது. எதிரில் இருப்பவர் கையைப் போட்டுவிட்டால், உங்களிடம் என்ன இருக்கிறது என்பது பேச்சே இல்லை, பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) உங்களுடையது.

இது வெறும் துணிச்சல் பேச்சு இல்லை, சீட்டுக்கட்டின் கணக்கே அப்படி. ஜோடி இல்லாத இரண்டு சீட்டு கையில் இருந்தால், ஃபிளாப்பில் அதில் ஒன்றுக்காவது ஜோடி விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். ஆரம்பத்திலேயே ஜோடி கைக்கு வருவது பதினேழு தடவைக்கு ஒன்று. ஆக, ஃபிளாப் விழும்போது உங்களைப் போலவே எதிராளிக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லாதபோது யார் முதலில் நம்பும்படி பெட் கட்டுகிறாரோ அவர் பாட்டை எடுக்கிறார்.

ஆனால் கண்டபடி கட்டினால் ஒரே வாரத்தில் கை காலி. சிப்ஸை முன்னே தள்ளும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். எதிரில் இருக்கிறவர் கையைப் போடத் தெரிந்தவரா? நான் ஆரம்பத்திலிருந்து ஆடி வந்தது, இப்போது நான் வைத்திருப்பதாகக் காட்டுகிற கையோடு பொருந்துகிறதா? இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றால் செக் சொல்லுங்கள். இனி வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டு கேள்வியைச் சுற்றித்தான்.

முதல் படி: உட்காரும் இடம்

டீலர் பட்டன் (சீட்டுப் போடுகிறவர் இடத்தைக் காட்டும் வில்லை) உங்களிடம் இருக்கும்போது ஃபிளாப்புக்குப் பிறகு எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் உங்கள் முறை. எதிராளி செக் சொன்னாரா, தயங்கினாரா, எவ்வளவு கட்டினார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நெருக்கடி கொடுப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பட்டனிலும் அதற்கு முந்தைய இருக்கையிலும் நிறையக் கைகளோடு ரெய்ஸ் செய்யுங்கள். முதலில் பேசவேண்டிய இருக்கைகளில் நல்ல ஜோடி, ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி மாதிரி கைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளைண்டில் (சீட்டு வரும் முன்பே கட்டாயமாகப் பணம் போடவேண்டிய, பட்டனுக்கு அடுத்த இரண்டு இருக்கைகளில்) உட்கார்ந்துகொண்டு வீரம் காட்டுவது புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஃபிளாப்புக்குப் பிறகு அங்கே நீங்கள்தான் முதலில் பேசவேண்டும், அதாவது கண்ணைக் கட்டிக்கொண்டு பெட் கட்டுகிறீர்கள்.

இரண்டாம் படி: உள்ளே வருவதென்றால் ரெய்ஸோடு வாருங்கள்

பெரிய பிளைண்டுக்குச் சமமாக மட்டும் போட்டு ஃபிளாப்பைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆடத் தகுந்த கை என்றால் ரெய்ஸ், இல்லையென்றால் ஃபோல்ட், அதாவது கையைப் போட்டுவிடுவது. அளவு பெரிய பிளைண்டைப் போல் இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு. உங்களுக்கு முன்னால் வெறுமனே பிளைண்ட் அளவு போட்டு உள்ளே வந்தவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு பிளைண்ட் கூட்டிக்கொள்ளுங்கள். வேறொருவர் ரெய்ஸ் செய்திருக்க, நீங்கள் மறுபடி ஏற்றுவதானால், கடைசியில் பேசும் இடத்திலிருந்து அவர் அளவைப் போல் மூன்று மடங்கு, முதலில் பேசும் இடத்திலிருந்து நான்கு மடங்கு.

கையில் ஏஸ் ஜோடி இருந்தாலும் ஏழு-எட்டு இருந்தாலும் அளவு மாறக்கூடாது. நல்ல கைக்குப் பெரியது, சுமாரான கைக்குச் சின்னது என்று ஆடினால் இரண்டு சுற்றில் மேசையில் உள்ள எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

மூன்றாம் படி: எவ்வளவு கட்டினால் எத்தனை தடவை பலிக்கவேண்டும்

இதை மனப்பாடம் செய்யுங்கள். பாட்டில் 100 இருக்கிறது, கையில் ஒன்றுமே இல்லாமல் 50 கட்டுகிறீர்கள் என்று வைப்போம். 100-ஐ எடுக்க 50-ஐப் பணயம் வைக்கிறீர்கள். மூன்றில் ஒரு தடவை எதிராளி கையைப் போட்டாலே கணக்கு நேராகிவிடும். 75 கட்டினால் அவர் நூற்றில் 43 தடவை கையைப் போடவேண்டும். பாட் அளவுக்கு 100-ஐயும் கட்டினால் பாதி. பாட்டைப் போல் இரண்டு மடங்கு கட்டினால் மூன்றில் இரண்டு தடவை. சூத்திரம் சுலபம்தான்: உங்கள் பெட்டை, பெட்டும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுங்கள்.

எதிராளி பக்கம் நின்றும் ஒருமுறை பார்க்கவேண்டும். நீங்கள் பாதி பாட் கட்டினால், அவருக்கு நான்கில் ஒரு தடவை ஜெயிக்கிற கை இருந்தால் போதும், கால் சொல்லலாம். முழுப் பாட் கட்டினால் மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கவேண்டும். பெட் பெரிதாகப் பெரிதாக அவருக்கு நெருக்கடி கூடுகிறது, பலிக்காதபோது உங்கள் நஷ்டமும் கூடுகிறது. ரிவரில் முழுப் பாட் கட்டுவதை வழக்கமாக வைத்தால், உண்மையான கை இரண்டுக்கு ஒரு பிளஃப் (வெறும் கையோடு கட்டும் பொய் பெட்) என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி பாட் என்றால் மூன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் கவனிக்கிற ஆள் உங்களைப் பிடித்துவிடுவார்.

நான்காம் படி: பாதிப் பொய், பாதி மெய்

புதியவர்கள் வெறும் கையோடு பிளஃப் செய்வதைவிட, இன்னும் வளரக்கூடிய கையோடு நெருக்குவதைத்தான் முதலில் கற்கவேண்டும். செமி-பிளஃப் என்பது இதுதான். எனக்குக் கேட்டால் முழு விஷயத்திலும் மிக முக்கியமான பாடம் இது, அதனால் ஒரு கையை முழுதாகவே ஆடிப் பார்த்துவிடுவோம்.

பிளைண்ட் 5-10. எல்லாரிடமும் 1000 சிப்ஸ். நீங்கள் பட்டனில். கையில் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஐந்து. முன்னால் எல்லாரும் கையைப் போட்டுவிட்டார்கள், நீங்கள் 30-க்கு ஏற்றுகிறீர்கள். சின்ன பிளைண்டில் இருப்பவர் கையைப் போட்டுவிட, பெரிய பிளைண்டில் இருக்கும் அண்ணன் கால் சொல்கிறார். பாட்டில் 65.

ஃபிளாப்: இஸ்பேட் ராஜா, டைமன் எட்டு, இஸ்பேட் மூன்று. அண்ணன் செக். உங்களிடம் ஜோடி இல்லை, ஆனால் இன்னொரு இஸ்பேட் விழுந்தால் அதைவிடப் பெரிய ஃபிளஷ் கிடையாது. இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது ஃபிளஷ் சேர்வதற்கு 35 சதவீத வாய்ப்பு. பெட் 40. அவர் நூற்றில் 38 தடவை கையைப் போட்டாலே பெட் நஷ்டமில்லை, அதற்கு மேல் ஃபிளஷ் வாய்ப்பும் கையில் இருக்கிறது. அவர் கால் சொல்கிறார். பாட் 145.

டர்ன்: ஆர்ட்டின் இரண்டு. இப்போது கவனியுங்கள். ஏஸ், இரண்டு, மூன்று, ஐந்து சேர்ந்துவிட்டது. நான்கு விழுந்தால் ஸ்ட்ரெய்ட். ஒன்பது இஸ்பேட், அதோடு இஸ்பேட் அல்லாத மூன்று நான்குகள், ஆகப் பன்னிரண்டு சீட்டு உங்களுக்கு உதவும். பார்க்காத சீட்டு 46, அதில் 12 என்றால் 26 சதவீதம். அண்ணன் மறுபடி செக் சொல்கிறார்.

செக் சொல்லி ரிவரை இலவசமாகப் பார்க்கலாம். அல்லது 110 கட்டலாம். வெறும் கையாக இருந்தால் இந்த 110 பலிக்க அவர் நூற்றில் 43 தடவை கையைப் போடவேண்டியிருக்கும். ஆனால் பன்னிரண்டு சீட்டு உதவிக்கு இருப்பதால், ரிவரில் நடக்கும் பந்தயத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும், அவர் மூன்றில் ஒரு தடவை கையைப் போட்டாலே இலவசமாகப் பார்ப்பதைவிட இது லாபம். அவரிடம் எட்டு ஜோடியோ ஒன்பது ஜோடியோ இருந்தால் 110 அவருக்கு வலிக்கும். ரிவரில் இன்னும் பெரிய பெட் வரும் என்ற பயமும் கூடவே இருக்கும். கட்டுங்கள்.

அவர் கால் சொல்லிவிட்டார். பாட் 365. ரிவர்: கிளாவர் ஒன்பது. ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறையும் சுடலாமா, அதாவது பெட் கட்டலாமா? இங்கே நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு பெட்டையும் தாண்டி வந்தவரிடம் ராஜா ஜோடி இருக்க வாய்ப்பு அதிகம், ஃபிளஷ் விழவில்லை என்பது அவர் கண்ணுக்கும் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. ஃபிளஷ் கிடைக்காமல் ஏமாந்து, இப்போது கையைப் போடத் தயாராக இருக்கும் கைகளில் இஸ்பேட் இருக்கவேண்டும். அதில் இரண்டு உங்கள் கையிலேயே இருக்கிறது, அதனால் அப்படிப்பட்ட கை அவரிடம் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. செக் சொல்லிவிட்டு அடுத்த கைக்குப் போங்கள். முன்னால் கட்டிய பெட்டுகள் தப்பில்லை.

ஐந்தாம் படி: பெட் சொல்லும் கதை

மூன்றாவது முறையும் சுடவேண்டிய கை எப்படி இருக்கும் என்பதற்கு, 2003 உலகத் தொடர் போக்கர் (வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர்) போட்டியின் கடைசி இருவர் ஆடிய கை நல்ல பாடம். லாஸ் வேகாஸில் 839 பேர் கலந்துகொண்ட போட்டி. கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளருக்கு எதிரில் அனுபவசாலியான சாம் ஃபார்ஹா. மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஃபார்ஹா கையில் இஸ்பேட் ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும்.

ஃபிளாப்பில் இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. ஃபார்ஹாவுக்கு மேசையிலேயே பெரிய ஜோடி. டர்னில் இஸ்பேட் எட்டு விழுந்ததும் மணிமேக்கருக்கு ஃபிளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் சேர்ந்தே வாய்ப்பு வந்தது. அங்கே அவர் பலமாக ரெய்ஸ் செய்தார். ரிவரில் ஆர்ட்டின் மூன்று. ஒன்றும் சேரவில்லை. இருந்ததையெல்லாம் தள்ளினார் (ஆல்-இன்). ஃபார்ஹா நீண்ட நேரம் யோசித்துவிட்டு ஒன்பது ஜோடியைப் போட்டுவிட்டார்.

நாம் ஆடிய கையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே மேசையில் மூன்று இஸ்பேட் கிடக்கிறது, ஆறு-எட்டு-ஒன்பது வரிசையும் கிடக்கிறது. ஃபிளஷோ ஸ்ட்ரெய்ட்டோ ஏற்கெனவே முடிந்திருக்கலாம் என்று எதிராளி பயப்படக் காரணம் இருக்கிறது. டர்ன் ரெய்ஸும் ரிவர் ஆல்-இன்னும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. அதோடு இஸ்பேட் ராஜா மணிமேக்கர் கையில் இருப்பதால், ஃபார்ஹாவிடம் ராஜா வைத்த ஃபிளஷ் இருக்கவே முடியாது. பிளஃப் செய்யக் கை தேடும்போது இப்படி எதிராளியின் பெரிய கையைத் தடுக்கும் சீட்டு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஸ் ஜோடி ஆறு விதமாக வரலாம். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தால் அது மூன்றாகக் குறைந்துவிடும்.

பெட் கட்டும் முன் மனதுக்குள் கதையை ஓட்டிப் பாருங்கள். "இந்த ஃபிளஷ் உண்மையிலேயே என்னிடம் இருந்திருந்தால் டர்னில் இப்படித்தான் ஆடியிருப்பேனா?" டர்ன் வரைக்கும் சும்மா கால் சொல்லிவிட்டு, சம்பந்தமில்லாத ரிவரில் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆறாம் படி: யாரை நெருக்குவது

மேசையில் எப்போதும் ஒரு மாமா இருப்பார். எந்த ஜோடி கிடைத்தாலும் போடமாட்டார், "உன் கையைப் பார்க்காம விடமாட்டேன்" என்பார். அவரிடம் பிளஃப் செய்யாதீர்கள், ஒருபோதும் செய்யாதீர்கள். அவரிடம் நல்ல கை கிடைக்கும்போது வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டுங்கள், அதுவே அவருக்கான அழுத்தம். தூனி மேசையிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் இந்த ரகம் என்பதால், நம் ஆட்களோடு ஆடும்போது பிளஃபை வழக்கத்தைவிடக் குறைத்துக்கொள்வதே நல்லது.

நெருக்க ஏற்றவர்கள் வேறு மாதிரி. நிறையக் கைகளோடு உள்ளே வந்து ஃபிளாப்புக்குப் பிறகு பயந்து போடுகிறவர்கள், தோற்ற பணத்தைக் காப்பாற்றத் தயங்கித் தயங்கி ஆடுகிறவர்கள், நடுத்தரக் கை வைத்துக்கொண்டு செக் செக் என்று போகிறவர்கள். ஒருவர் மட்டும் எதிரில் இருக்கும்போதுதான் பிளஃப். மூன்று பேர் ஃபிளாப் பார்க்கிறார்கள் என்றால் யாராவது ஒருவருக்காவது ஏதாவது கிடைத்திருக்கும்.

போட்டி ஆட்டத்தில் நெருக்கடிக்கு இன்னொரு வேர் உண்டு. வெளியேறினால் திரும்ப வரமுடியாது, அடுத்த பரிசுப் படி பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் நடுத்தரக் குவியல் வைத்திருப்பவர்கள் சுலபமாகக் கையைப் போடுவார்கள். 2007 உலகத் தொடரில் நம் நாட்டுக்காரர், ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ரேமண்ட் ராமே, கடைசி மேசை வரை போய் மூன்றாம் இடம் பிடித்து 30 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வாங்கினார். அந்த மேசையில் ஜெயித்தவர் ஜெர்ரி யாங். ஒன்பது பேரில் எட்டாவது இடத்துச் சிப்ஸோடு உட்கார்ந்தவர், ஆரம்பத்திலிருந்தே விடாமல் ஏற்றி ஏற்றி ஆடி, எதிரில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேரைத் தானே வெளியேற்றினார். பரிசுப் படி ஏறக் காத்திருப்பவர்கள் நடுவில் துணிந்து ஆடுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த மேசை காட்டியது.

எதிராளியிடம் மிகக் குறைந்த சிப்ஸ்தான் பாக்கி என்றால் நெருக்குவதில் பயனில்லை. பாட்டில் 300 இருக்க அவரிடம் 100-தான் மீதம் என்றால், கணக்குப்படியே அவர் கால் சொல்லத்தான் வேண்டும்.

ஏழாம் படி: உங்களையே யாராவது நெருக்கும்போது

கோபத்தில் திருப்பி ஏற்றாதீர்கள். விடாமல் பெட் கட்டுகிற ஆளுக்கு எதிராகச் சுமாரான ஜோடியைக்கூட அமைதியாகக் கால் சொல்லி எடுத்துப் போகலாம், அவரே உங்களுக்காகப் பாட்டைப் பெருக்கிக் கொடுப்பார். அதே நேரம், இரண்டு மணி நேரமாகச் செக் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் திடீரென்று ரிவரில் ரெய்ஸ் செய்தால், உங்கள் இரண்டு ஜோடியை மரியாதையாகப் போட்டுவிடுங்கள்.

காசினோ மேசையில்

வீட்டு ஆட்டத்தில் யாரும் கண்டுகொள்ளாத சில விஷயங்கள் காசினோவில் பிரச்சினையாகும். ரெய்ஸ் என்றால் வாயால் முதலில் சொல்லுங்கள், அல்லது சிப்ஸை ஒரே அசைவில் முன்னே வையுங்கள். கொஞ்சம் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் எடுத்துவைத்தால் ரெய்ஸாக ஏற்கமாட்டார்கள். எதிரில் ஏற்கெனவே பெட் இருக்க, வாயைத் திறக்காமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது கால் என்றே எடுத்துக்கொள்ளப்படும். நெருக்க நினைத்த பெட் வெறும் காலாகிப் போவது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கும்.

இன்னொன்று நமக்கென்றே. ஒரே மேசையில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால், கை நடக்கும்போது தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். "சாப்பிட்டாச்சா அண்ணா" என்று கேட்டாலும் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும், டீலர் எச்சரிப்பார். தூனியில் கூட்டாளியோடு ஆடிப் பழகியவர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும். போக்கரில் கூட்டாளி கிடையாது, ஜாடை காட்டுவது ஏமாற்று வேலை.

பணம், சட்டம்

விடாமல் நெருக்கி ஆடும்போது ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். சரியாக ஆடினாலும் ஒரே இரவில் எல்லாம் போகலாம். அதனால் வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், மளிகை என்று எதற்கும் தேவைப்படாத பணத்தை மட்டும் தனியே எடுத்துவையுங்கள். அதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். தோற்றதைப் பிடிக்க அட்டையைத் தேய்க்கத் தோன்றினால் அந்த இரவு ஆட்டம் முடிந்தது என்று எழுந்துவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 18 வயது நிறையாதவர்கள் சூதாடக்கூடாது. உரிமம் பெற்ற காசினோவில் ஆடலாம். பணம் வைத்து இணையத்தில் ஆடும் போக்கருக்கு 2004-இன் தேசியச் சூதாட்டச் சட்டப்படி அனுமதி இல்லை, அதனால் கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்று உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ தோன்றினால் 0800 006 008 என்ற இலவச எண்ணை அழையுங்கள், பொறுப்பான சூதாட்டத்துக்கான தேசியத் திட்டத்தின் உதவி எண் அது. வெட்கப்படவேண்டாம். நம் குடும்பங்களில் இது மூடிமறைக்கப்படுவதால்தான் விஷயம் முற்றிப்போகிறது.

பழகும் முறை

எல்லாப் படிகளையும் ஒரே நாளில் முயற்சி செய்யாதீர்கள். முதல் சில ஆட்டங்களில் ஒன்றே ஒன்று: உள்ளே வந்தால் ரெய்ஸ், இல்லையென்றால் ஃபோல்ட். அது கைப்பழக்கமான பிறகு, பட்டனிலிருந்து ரெய்ஸ் செய்து, ஒரே ஒருவர் மட்டும் கால் சொன்ன கைகளில் ஃபிளாப்பில் பாதி பாட் கட்டிப் பாருங்கள். எத்தனை தடவை போடுகிறார்கள் என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் என்றால் தொடருங்கள். அதற்குப் பிறகுதான் டர்னில் செமி-பிளஃப். ரிவரில் பெரிய பிளஃப் கடைசியாக வரட்டும், அவசரமே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அன்றைய பெரிய கை இரண்டு மூன்றைக் குறித்துவையுங்கள்: எந்த இருக்கை, பாட் எவ்வளவு, நீங்கள் கட்டியது எவ்வளவு, எதிராளி எப்படிப்பட்டவர், எந்தக் கையைக் காட்டப் பார்த்தீர்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதைக் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். அடுத்த வாரம் படிக்கும்போது அந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த பெட்டை மறுபடி கட்டுவீர்களா என்று பாருங்கள்.